டூவேயா, பெட்ஷீட்டும் கம்பளியுமா? பிரிட்டன் குளிருக்குப் படுக்கை அமைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

நம் ஊரில் பெட்ஷீட் என்றால் இரண்டு அர்த்தம். மெத்தைமேல் விரிப்பதும் பெட்ஷீட்தான், மேலே இழுத்துப் போர்த்திக்கொள்வதும் பெட்ஷீட்தான். இந்த ஒரு சொல்லை நம்பி, லெஸ்டரில் வந்து இறங்கிய மூன்றாம் நாள் கடைக்குப் போய் இரண்டு பெட்ஷீட் வாங்கி வந்தேன். பிரித்துப் பார்த்தால் இரண்டிலும் நாலு மூலையிலும் எலாஸ்டிக். ஒன்றை மெத்தைக்கு மாட்டினேன். இன்னொன்றைப் போர்த்திக்கொண்டு படுத்தேன். காலை நீட்டினால் தோளைவிட்டு நழுவும், தோளுக்கு இழுத்தால் கால் வெளியே வந்துவிடும். அக்டோபர் மாதம் வேறு. ஜெர்கினை மேலே போட்டுக்கொண்டு அந்த இரவை ஓட்டினேன்.

மறுநாள் ரோஷத்தோடு போய் வாங்கியது 13.5 டாக் டூவே. டூவே என்றால் இங்குள்ளவர்கள் போர்த்திக்கொள்ளும் பஞ்சடைத்த போர்வை, டாக் என்பது அது எவ்வளவு சூடு தாங்கும் என்று சொல்லும் எண். எண் பெரிதாக இருந்தால் சரக்கு நல்லது என்ற நம் ஊர்க் கணக்கு. அதுவும் தப்பாகத்தான் போனது.

அதற்குப் பிறகு மூன்று வீடு மாறியாகிவிட்டது. ஊரிலிருந்து அப்பா அம்மா வந்து தங்கிப் போயிருக்கிறார்கள், குழந்தை பிறந்திருக்கிறது. இத்தனைக்கும் பிறகு எனக்குப் புரிந்தது இதுதான்: கடையில் எல்லோரும் எது சூடாக இருக்கும் என்று பார்க்கிறோம். சூடு ஒரு பிரச்சினையே இல்லை, எதை வாங்கினாலும் கிடைத்துவிடும். அதை உங்கள் வீட்டில் துவைத்துக் காயவைக்க முடியுமா, பக்கத்தில் படுப்பவருக்கும் அது ஒத்துவருமா என்பதுதான் கேள்வி.

முதல் படி: பெயர்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

இங்கே ‘ஷீட்’ என்றால் மெல்லிய பருத்தி விரிப்பு மட்டும். எலாஸ்டிக் வைத்தது ஃபிட்டட் ஷீட், மெத்தைக்கு மாட்டுவது. எலாஸ்டிக் இல்லாதது ஃபிளாட் ஷீட். அதை விரிக்கவும் செய்யலாம், உடம்புக்கும் கம்பளிக்கும் நடுவில் போர்த்திக்கொள்ளவும் செய்யலாம். ‘பிளாங்கெட்’ என்பது நம் கம்பளி.

டூவே என்பது பெரிய தட்டைத் தலையணை மாதிரி. உள்ளே தூவியோ பஞ்சோ அடைத்து, மேலே தனியாக ஓர் உறை மாட்டியிருப்பார்கள். சொல் பிரெஞ்சு. பறவையின் மென்தூவிக்கு அங்கே அதுதான் பெயர். (நம் சங்கப் பாட்டிலும் அன்னத் தூவி அடைத்த படுக்கை வரும், ஆனால் அது அரசி படுப்பது.) அமெரிக்காவில் இருக்கும் உறவுக்காரர்கள் கம்ஃபர்ட்டர் என்பார்கள். அது பெரும்பாலும் உறை இல்லாமல் அப்படியே போர்த்துவது, அடியில் ஒரு ஃபிளாட் ஷீட் இருக்கும்.

பிரிட்டன்காரர்களுக்கே டூவே பூர்வீகம் கிடையாது. இரண்டு தலைமுறைக்கு முன்பு வரை இங்கேயும் ஷீட், அதன்மேல் கம்பளி, அதன்மேல் இன்னொரு கம்பளி என்றுதான் படுத்தார்கள். 1964-ல் லண்டனில் ஹேபிடட் கடையைத் திறந்த டெரன்ஸ் கான்ரன், டூவேயை இங்கே பரப்பியவர்களில் முக்கியமானவர். அப்போது அதற்கு ‘கான்டினென்டல் குயில்ட்’ என்று பெயர். பத்து விநாடியில் படுக்கையைச் சரிசெய்துவிடலாம் என்று சொல்லித்தான் விற்றார்கள். கவனித்தீர்களா, சூட்டைச் சொல்லி விற்கவில்லை. காலையில் மிச்சமாகும் வேலையைச் சொல்லி விற்றார்கள். இன்றைக்கும் டூவேயின் முதல் நன்மை அதுதான். வேலைக்கு ஓடும் அவசரத்தில் ஓர் உதறு உதறினால் போதும், படுக்கை பார்க்கும்படி ஆகிவிடும்.

இரண்டாம் படி: யார் படுக்கிறார்கள் என்று பாருங்கள்

தனி ஆள், வாடகை அறை, மாணவர் என்றால் யோசிக்கவே வேண்டாம். ஒரு சிங்கிள் டூவே, இரண்டு உறை, இரண்டு ஃபிட்டட் ஷீட். அளவுக்கும் டாக் கணக்குக்கும் நேராகப் போய்விடலாம்.

கணவன் மனைவி என்றால் நின்று யோசிக்க வேண்டும். எங்கள் வீட்டில் எனக்கு வேர்க்கும், அவளுக்குக் குளிரும். ஒரே டூவேயை வைத்துக்கொண்டு இரண்டு குளிர்காலம் இழுபறி நடத்தினோம். ஜெர்மனியிலும் ஸ்காண்டிநேவிய நாடுகளிலும் தம்பதிகள் ஆளுக்கொரு டூவே வைத்துக்கொள்வது சாதாரணம். கட்டில் ஒன்று, போர்வை இரண்டு. நாங்கள் அதற்கு மாறிய பிறகு ராத்திரிச் சண்டை நின்றது. என்னுடையது 4.5 டாக், அவளுடையது 10.5.

வயதானவர்களுக்கு நான் தயங்காமல் ஷீட்டும் கம்பளியும் என்றுதான் சொல்வேன். அப்பா முதன்முறை வந்தபோது புது டூவே வாங்கி, இஸ்திரி போட்ட உறையெல்லாம் மாட்டி வைத்தேன். மறுநாள் காலை காபி குடிக்கும்போது, “என்னப்பா இது, தலையணையைப் போத்திக்கிட்டுப் படுக்கிற மாதிரி இருக்கு” என்றார். அவருக்குத் தலையோடு கால் இழுத்து மூடிப் படுத்துத்தான் பழக்கம். பருத்திப் போர்வைக்குள் அப்படி மூச்சு விடலாம், டூவேக்குள் முட்டும். அதோடு உடம்பை ஒட்டி அணைந்து நிற்கும் கனமும் அதில் இல்லை, காற்று மாதிரி மேலே நிற்கிறது என்றார். பெட்டியிலிருந்து சென்னிமலைப் போர்வையை எடுத்தார், அதன்மேல் ஒரு கம்பளி கொடுத்தேன், நிம்மதியாகத் தூங்கினார்.

இரவில் திடீர் திடீரென்று உடம்பு கொதிக்கும் மாதவிடாய் நிற்கும் வயதுப் பெண்களுக்கும், படுக்கையிலேயே இருக்கும் நோயாளிகளுக்கும் அடுக்கு முறைதான் வசதி. ஓர் அடுக்கை எடுத்தால் சூடு கொஞ்சம் குறையும், போட்டால் கொஞ்சம் ஏறும். ஓர் அடுக்கு அழுக்கானால் அதை மட்டும் உருவித் துவைக்கலாம்.

ஒரு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்கு டூவே கூடவே கூடாது. முகத்தை மூடிவிடும், உடம்பும் அளவுக்கு மீறிச் சூடாகிவிடும். இங்குள்ள மருத்துவச் செவிலியர்கள் முதல் வாரமே இதைச் சொல்லிவிடுவார்கள். தலையணையும் வேண்டாம். தொட்டிலில் குழந்தையின் கால், தொட்டிலின் கால்மாட்டைத் தொடும்படி படுக்கவைத்து, மெல்லிய பருத்திக் கம்பளியைத் தோளுக்கு மேல் போகாமல் இறுக்கிச் செருகலாம். இல்லையென்றால் குழந்தைகளுக்கென்றே இருக்கும் ஸ்லீப்பிங் பேக். அறை 16 முதல் 20 டிகிரி என்றால் 2.5 டாக் பை சரியாக இருக்கும். ஊரிலிருந்து வரும் பாட்டிமார் “பிள்ளைக்குக் குளிருதே” என்று கூட ஒன்றைப் போர்த்திவிடுவார்கள். ராத்திரி ஒருமுறை எழுந்து பார்ப்பது நல்லது.

மூன்றாம் படி: டாக் கணக்கு

டாக் என்பது சூட்டைத் தடுத்து வைக்கும் திறனின் அளவு. மான்செஸ்டரில் இருந்த ஷெர்லி இன்ஸ்டிட்யூட் என்ற ஜவுளி ஆராய்ச்சி நிலையம் 1940-களில் கொண்டுவந்தது. எண் பெரிதானால் தரம் உயர்ந்தது என்று பொருள் இல்லை, எடை கூடியது என்றும் பொருள் இல்லை. நல்ல வாத்துத் தூவி 13.5 டாக், மட்டமான பாலியெஸ்டர் 10.5 டாக்கைவிட லேசாக இருக்கலாம்.

கடைகள் சொல்லும் கணக்கு: கோடைக்கு 4.5, வசந்தத்துக்கும் இலையுதிர் காலத்துக்கும் 7 முதல் 10.5, குளிர்காலத்துக்கு 13.5. இது ராத்திரி ஹீட்டிங்கை அணைத்துவிட்டு, 16, 17 டிகிரி அறையில் படுக்கும் வெள்ளைக்காரர் வீட்டுக்குச் சரி. நம்மவர் வீட்டில் ஹீட்டிங் 20-க்கு மேல் ஓடும், ஜன்னல் திறக்காது. அங்கே 13.5 போர்த்தினால் ராத்திரி இரண்டு மணிக்கு வேர்த்து உதைத்துத் தள்ளுவீர்கள், நான்கு மணிக்குக் குளிரில் தேடுவீர்கள். என் முதல் குளிர்காலம் முழுக்க இப்படித்தான் கழிந்தது.

ஆகவே வாங்குவதற்கு முன் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். சாதாரண அறை வெப்பமானி ஒன்றைத் தலைமாட்டில் வைத்து, மூன்று நாள் காலையில் எழுந்ததும் பாருங்கள். 20-க்கு மேல் காட்டினால் 4.5 போதும். 17, 18 என்றால் 7 முதல் 10.5. அதற்கும் கீழே இறங்கும் பழைய வீடு, ஒற்றைக் கண்ணாடி ஜன்னல் என்றால் மட்டும் 13.5 பக்கம் போங்கள். இது என் கணக்கு, கடைக்காரர் கணக்கு இல்லை.

‘ஆல் சீசன்ஸ்’ என்று 4.5-உம் 9-உம் பட்டனில் சேர்ந்த ஜோடி கிடைக்கும். இரண்டையும் சேர்த்தால் 13.5. வருடம் முழுக்க ஒரே செலவில் முடியும். நல்ல யோசனைதான். ஆனால் பயன்படுத்தாத பாதியை எங்கே வைப்பது? அலமாரி இல்லாத ஒற்றை அறைக்காரருக்கு அது தினமும் கண்ணில் குத்தும்.

நான்காம் படி: உள்ளே என்ன இருக்கிறது

தூவி, இறகு, செயற்கை இழை, ஆட்டுக் கம்பளி என்று நான்கு வகை பொதுவாகக் கிடைக்கும். தூவியும் இறகும் ஒன்றல்ல. தூவிக்குத் தண்டு கிடையாது, பூ மாதிரி விரிந்து காற்றைப் பிடித்து வைக்கும். இறகுக்குத் தண்டு உண்டு, கனமானது, மலிவானது, நாள்பட்டால் துணியைக் குத்திக்கொண்டு வெளியே எட்டிப் பார்க்கும். லேபிளில் ‘ஃபெதர் அண்ட் டவுன்’ என்றிருந்தால் பெரும்பங்கு இறகு என்று எடுத்துக்கொள்ளுங்கள். பறவைப் பொருளே வேண்டாம் என்கிற சைவ வீடுகளில் தூவியை விட்டுவிட வேண்டியதுதான்.

செயற்கை இழைதான் பெரும்பாலோருக்குப் பொருந்தும். விலை குறைவு, வீட்டு மெஷினில் துவைக்கலாம், சீக்கிரம் காயும். குறை என்னவென்றால் பாலியெஸ்டர் ஈரத்தைக் கிட்டத்தட்ட உறிஞ்சவே உறிஞ்சாது. வேர்வை ஆவி போக இடமில்லாமல் உள்ளே புழுங்கும். இதற்கு நேர் எதிர் ஆட்டுக் கம்பளி. தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை ஈர ஆவியை வாங்கிக்கொண்டும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. வேர்க்கிற உடம்புக்காரருக்கு கம்பளி அடைத்த டூவேயோ நிஜக் கம்பளியோ தரும் சுகம் தனி. விலையும் தனிதான்.

கடையில் மூன்று சோதனை. ஒரு மூலையைக் கையால் அழுத்தி விடுங்கள். உடனே எழும்பி வர வேண்டும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். தையல் கோட்டில் இரண்டு துணியும் ஒட்டி, உள்ளே ஒன்றுமே இல்லாமல் தெரிந்தால் அந்தக் கோடு வழியே குளிர் இறங்கும். கட்டம் கட்டமாக, நடுவில் துணிச் சுவர் வைத்துத் தைத்ததுதான் நல்லது. மூன்றாவது, ஒரு மூலையைப் பிடித்து உதறுங்கள். அடைப்பு ஒரு பக்கமாக ஓடினால் வாங்காதீர்கள்.

ஷீட்டுக்கு வந்தால், நூல் எண்ணிக்கை என்று 800, 1000 என்றெல்லாம் பாக்கெட்டில் போட்டிருப்பார்கள். முறுக்கிய நூலில் ஒவ்வொரு இழையையும் தனித்தனியாக எண்ணிக் காட்டும் வித்தை அது. 200 முதல் 400 வரை உள்ள நல்ல பருத்தி போதும். ஒன்றுவிட்டு ஒன்று பின்னும் பெர்கேல், மொடமொடவென்று குளுமையாக இருக்கும். சாட்டீன் வழவழப்பாக, கொஞ்சம் கதகதப்பாக இருக்கும். லேபிளைத் திருப்பிப் பாருங்கள், இந்தியா என்று போட்டிருந்தால் கரூரிலிருந்தே வந்ததாகக்கூட இருக்கலாம். அங்கே இருந்து வீட்டு ஜவுளி உலகம் முழுக்க ஏற்றுமதியாகிறது.

ஐந்தாம் படி: அளவெடுப்பது

டேப்பை எடுங்கள், கண் மதிப்பு வேண்டாம். பிரிட்டன் மெத்தைகள்: சிங்கிள் 90-க்கு 190 செ.மீ., டபுள் 135-க்கு 190, கிங் 150-க்கு 200. டூவே: சிங்கிள் 135-க்கு 200, டபுள் 200-க்கு 200, கிங் 225-க்கு 220.

டபுள் மெத்தையில் டபுள் டூவே போட்டால் இரண்டு பக்கமும் 32 செ.மீ. தான் தொங்கும். இரண்டு பேர் தோளை மேடாக்கிப் படுத்தால் அது காணாது. ஒரே டூவேதான் வேண்டும் என்றால் டபுள் கட்டிலுக்குக் கிங் அளவு வாங்குங்கள். ஆளுக்கு ஒன்று என்றால் இரண்டு சிங்கிள். மொத்த அகலம் 270 வந்துவிடும், யாரும் யாரையும் இழுக்க வேண்டாம். ஐக்கியா என்ற மரச்சாமான் கடையின் கட்டில்கள் 90, 140, 160 செ.மீ. அகலத்தில் ஐரோப்பிய அளவில் வரும், இங்குள்ள ஃபிட்டட் ஷீட் அதற்குச் சரியாக உட்காராது. அந்தக் கட்டில் வைத்திருந்தால் ஷீட்டையும் அங்கேயே வாங்குவது நல்லது.

ஷீட்டும் கம்பளியும் என்று முடிவு செய்தவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. மெத்தை அகலம், அதோடு மெத்தைத் தடிமனின் இரண்டு மடங்கு, அதோடு அடியில் செருகப் பக்கத்துக்கு 15. டபுள் மெத்தை 25 செ.மீ. தடிமன் என்றால் 135, 50, 30 ஆக மொத்தம் 215. அதைவிடக் குறைந்த ஷீட்டை வாங்கினால் ராத்திரி பாதியில் கழன்று வந்துவிடும்.

ஆறாம் படி: துவைப்பது, காயவைப்பது

பெரும்பாலான தவறுகள் இங்கேதான் நடக்கின்றன, கடையில் இருக்கும்போது யாருக்கும் இந்த நினைப்பு வராது.

பிரிட்டன் வீடுகளில் மெஷின் பெரும்பாலும் 7, 8 கிலோ. சிங்கிள் செயற்கை டூவே அதற்குள் போகும். கிங் அளவு 10.5 டாக் போகாது. திணித்தால் நடுவில் நனையவே நனையாது. காய்ந்த டூவேயை டிரம்மில் போட்ட பிறகு மேலே ஒரு கை தாராளமாக நுழைய வேண்டும், அதுதான் அடையாளம். நுழையாவிட்டால் லாண்டரெட்டுக்கு, அதாவது காசு போட்டுப் பெரிய மெஷினில் துவைக்கும் கடைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். ஒருமுறை மழையில், பெரிய கறுப்புப் பையில் நனைந்த டூவேயைத் தோளில் போட்டுக்கொண்டு இரண்டு தெரு நடந்தேன். பிணம் தூக்குவது மாதிரி இருந்தது. எதிரே வந்த கிழவி ஒதுங்கியே போனாள்.

துவைத்ததைவிடக் காயவைப்பது கஷ்டம். நவம்பர் முதல் மார்ச் வரை வெளியே எதுவும் காயாது. அறைக்குள் ஹீட்டிங் ரேடியேட்டரில் தொங்கவிட்டால் அந்த ஈரமெல்லாம் ஜன்னலில் வழிந்து சுவரில் பூஞ்சை பிடிக்கும். தூவி டூவே முழுக்கக் காயாமல் மடித்தால் நாற்றம் பிடித்துவிடும், அதன்பிறகு ஒன்றும் செய்ய முடியாது. டிரையரில் போடும்போது சுத்தமான டென்னிஸ் பந்து இரண்டைக் கூடப் போடுங்கள்; கட்டி கட்டியாகச் சேர்ந்த தூவியை அது அடித்துப் பிரித்துவிடும்.

ஷீட் ஒரு மணி நேரத்தில் துவைந்து, கதவுமேல் போட்டால் மறுநாள் காய்ந்துவிடும். கம்பளியை வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை துவைத்தாலே போதும், இடையில் வெயிலும் காற்றும் பட உதறிப் போடலாம். நிஜ ஆட்டுக் கம்பளியைச் சூடான தண்ணீரில் போட்டால் சுருங்கி அட்டை மாதிரி ஆகிவிடும், லேபிளைப் பார்த்தே போடுங்கள். தூசிப் பூச்சி ஒவ்வாமையோ ஆஸ்துமாவோ இருக்கும் வீட்டில் 60 டிகிரியில் துவைக்க முடிந்ததை மட்டும் வாங்குங்கள். அந்தச் சூட்டில்தான் அந்தப் பூச்சிகள் சாகும்.

நம் வீட்டுக்கே உரிய இரண்டு விஷயம் வேறு இருக்கிறது. தலைக்கு எண்ணெய் வைத்துப் படுக்கும் வழக்கம், அப்புறம் தாளிப்பு வாசனை. சமையலும் படுக்கையும் ஒரே அறையில் என்றால் டூவே மீன் குழம்பு வாசனையை மாதக்கணக்கில் பிடித்து வைத்திருக்கும். வெங்காயம் வதக்குவதற்கு முன் அதைச் சுருட்டிப் பெரிய பைக்குள் போட்டுவிடுவது என் வழக்கம்.

ஏழாம் படி: இரண்டையும் சேர்க்கும் வழி

எங்கள் வீட்டில் கடைசியில் நிலைத்தது இது: உடம்பை ஒட்டி ஊர்ப் பருத்திப் போர்வை, அதன்மேல் சிங்கிள் டூவே, ஆளுக்கு ஒன்று. எண்ணெயும் வேர்வையும் போர்வையோடு நிற்கும், அதை வாராவாரம் துவைக்கிறோம். டூவே உறையை மாதம் இருமுறை மாற்றினால் போதும். டூவேயையே துவைப்பது வருடத்துக்கு ஒரு தடவை, ஜூன் மாதத்தில். அப்பா தந்த பாடம் இது என்று இன்னும் அவரிடம் சொல்லவில்லை.

பனி கொட்டும் வாரத்தில் கூட ஒரு கம்பளி வேண்டும் என்றால் டூவேக்கு மேலே போடாதீர்கள், அடியில் போடுங்கள். மேலே கனம் ஏறினால் தூவி அமுங்கும், உள்ளே நின்ற காற்று வெளியேறிவிடும், சூடும் அதோடு போய்விடும்.

ஊரிலிருந்து வருபவர்களுக்கு: 23 கிலோ பெட்டியில் பருத்திப் போர்வை இரண்டு வையுங்கள். வடக்கிலிருந்து வரும் பளபள மிங்க் கம்பளியை விட்டுவிட்டு வாருங்கள். நான்கு, ஐந்து கிலோ கனக்கும், அத்தனையும் பாலியெஸ்டர், தொட்டால் ஷாக் அடிக்கும். அந்த எடைக்கு அரிசி மாவும் ஊறுகாயும் கொண்டு வரலாம்.

எட்டாம் படி: மாட்டுவதும் செருகுவதும்

டூவே உறை மாட்டத் தெரியாமல் உறைக்குள்ளேயே நுழைந்து தவித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வழி எளிது. உறையை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்புங்கள். திறந்த பக்கத்தின் வழியே இரண்டு கையையும் விட்டு, அடிப்பக்க மூலை இரண்டையும் உள்ளிருந்து பிடியுங்கள். அந்தப் பிடியை விடாமல், உறைத் துணியோடு சேர்த்து டூவேயின் இரண்டு மூலைகளைக் கவ்வுங்கள். இப்போது உறையை அப்படியே கீழ்நோக்கி உதறி இறக்குங்கள். கட்டில்மேல் நின்று செய்தால் உயரம் கிடைக்கும்.

கம்பளி முறைக்காரர்கள் மூலை மடிப்பைக் கற்றுக்கொள்ள வேண்டும். ஷீட்டையும் கம்பளியையும் சேர்த்துக் கால்மாட்டில் மெத்தைக்கு அடியில் செருகுங்கள். மூலையிலிருந்து ஒரு முழம் தள்ளி, பக்கவாட்டில் தொங்கும் ஓரத்தைத் தூக்கி மெத்தைமேல் முக்கோணமாகப் போடுங்கள். கீழே மிச்சம் தொங்குவதைச் செருகுங்கள். பிறகு முக்கோணத்தை இறக்கி அதையும் செருகுங்கள். பாதம் நிமிர்ந்து நிற்க இடம் வேண்டும் என்றால், செருகுவதற்கு முன் கால்மாட்டில் நாலு விரல் அகலத்துக்கு ஒரு கொசுவம் வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய டூவேயை என்ன செய்வது என்று கடைசியில் ஒரு கேள்வி வரும். நன்கொடையாக வரும் பழைய பொருளை விற்கும் சேரிட்டி கடைகள் பலவும் டூவேயை வாங்குவதில்லை. நாய், பூனைக் காப்பகங்கள் ஷீட்டும் கம்பளியும் எடுத்துக்கொள்ளும்; இறகு அடைத்தது என்றால் நாய் கடித்துப் பிய்த்து அறை முழுக்கப் பறக்கவிடும் என்பதால் பெரும்பாலும் வேண்டாம் என்பார்கள். போன் செய்து கேட்டுவிட்டுத் தூக்கிக்கொண்டு போங்கள்.